ஜி7-க்கு அடுத்து என்ன? 9, 11, 13 கார்ட்களை முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு

ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை, 61 நாள், எங்கள் மண்டபம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் கரையில்தான் இருப்பார்கள். வலையைப் பழுது பார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது என்று பகல் ஓடிவிடும். சாயங்காலம் நாலைந்து பேர் கீபோர்டு கற்றுக்கொள்ள வீட்டுக்கு வருவார்கள். கோயில் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்று சிலர், கல்யாண வீட்டுக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்று சிலர். சுரங்களைச் சேர்த்து அமுக்குகிற கார்டில் மேஜர், மைனர், செவன்த் மூன்றையும் இரண்டு வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஏதோ ஒரு பாட்டுக்கு நெட்டில் கார்ட் தேடும்போது ஜி9, ஜி13, இ7 ஃபிளாட்9 என்று வந்து நிற்கும், அந்த இடத்தில் கையும் நின்றுவிடும். "அண்ணே, இந்த நம்பரெல்லாம் என்னண்ணே?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் வாயால் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேண்டியது அதிகமில்லை. 61 கட்டை உள்ள சாதாரணக் கீபோர்டு போதும். சி மேஜர் ஸ்கேலும் மூன்று சுரக் கார்ட்களும் தடுமாறாமல் வரவேண்டும். கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் இரண்டு பிடி சொல்கிறேன். எல்லாவற்றையும் முதலில் சி-யில், அதாவது ஒரு கட்டை சுருதியில் பார்ப்போம். பெரும்பாலும் வெள்ளைக் கட்டையிலேயே முடிந்துவிடும்.

முதலில் ஜி7-ஐ உட்கார்ந்து கேளுங்கள்

சி ஸ்கேலில் ஐந்தாவது சுரம் ஜி, நம் கணக்கில் பஞ்சமம். அதன் மேல் நிற்கிற கார்டுக்குத்தான் டாமினன்ட் என்று பெயர். ஜி, பி, டி, எஃப் நான்கையும் சேர்த்தால் ஜி7. இதை அடித்துவிட்டு அப்படியே எழுந்து போக முடியாது, காது அடுத்து சி கார்டைக் கேட்கும். அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஜி-யையும் டி-யையும் எடுத்துவிட்டு பி, எஃப் இரண்டை மட்டும் அமுக்கிப் பாருங்கள். அலை இழுக்கும்போது நங்கூரக் கயிறு விறைத்து நிற்குமே, அப்படி ஒரு விறைப்பு கேட்கும். இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர், மூன்று முழு ஸ்டெப் தூரம். இப்போது பி-யை ஒட்டியிருக்கிற சி-க்கு மேலே ஏற்றுங்கள், எஃப்-ஐ ஒட்டியிருக்கிற இ-க்குக் கீழே இறக்குங்கள். கயிறு தளர்ந்துவிட்டது.

இதை ஒரு இருபது தடவையாவது செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். பையன்கள் இதைத் தாண்டி 13-க்கு ஓடத்தான் பார்ப்பார்கள், நான் விடமாட்டேன். இனிமேல் வரப்போகிற எல்லாக் கார்டிலும் வேலை செய்வது இந்த பி-யும் எஃப்-உம்தான். மற்ற சுரங்கள் அதற்கு நிறம் கொடுக்க வருகிறவை. ரூட், அதாவது கார்ட் நிற்கிற அடிச் சுரமான ஜி-யிலிருந்து எண்ணினால் பி மூன்றாவது, எஃப் ஏழாவது. மூன்றும் ஏழும் இருந்தால் கார்ட் டாமினன்ட்டாக நிற்கும், இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள்.

எண் எப்படி வருகிறது

கார்ட் கட்டுவது ஒரு சுரம் விட்டு ஒரு சுரம் அடுக்குவதுதானே? ஜி, (ஏ-யை விட்டு) பி, (சி-யை விட்டு) டி, (இ-யை விட்டு) எஃப். ஏழில் நிறுத்தாமல் அதே மாதிரி மேலே போனால் ஏ, சி, இ வரும். ஜி-யை ஒன்று என்று வைத்து, எட்டில் மறுபடி ஜி வந்த பிறகும் நிறுத்தாமல் எண்ணுங்கள்: ஏ ஒன்பது, சி பதினொன்று, இ பதிமூன்று. அவ்வளவுதான் ரகசியம். ஜி9 என்றால் ஜி, பி, டி, எஃப், ஏ. அதற்கு மேல் சி சேர்ந்தால் ஜி11. இ-யும் சேர்ந்தால் ஜி13. ஏழோடு இரண்டைக் கூட்டினால் ஒன்பது, நான்கைக் கூட்டினால் பதினொன்று, ஆறைக் கூட்டினால் பதிமூன்று. அதனால் 13 என்று பார்த்தவுடன் "ஆறாவது சுரம், மேல் ஸ்தாயியில்" என்று மனதில் மாற்றிக்கொண்டால் போதும், விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சுரம் தெரிந்தவர்களுக்கு இதை இன்னொரு விதமாகச் சொல்வேன். சி-யை ச என்று வைத்தால் ஜி7 என்பது ப, நி, ரி, ம. ஜி9-இல் த வந்து சேருகிறது. ஜி11-இல் ச. ஜி13-இல் க. ஏழு சுரமும் தீர்ந்துவிட்டது, அதற்கு மேல் அடுக்கச் சுரமே கிடையாது, மறுபடி ப தான். பதிமூன்றோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். 29-ஆவது மேளமான, அதாவது மேளகர்த்தா ராகமான சங்கராபரணம் முழுவதையும் பஞ்சமத்தில் ஆரம்பித்து ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கினால் ஜி13. கர்நாடக இசையில் கார்ட் என்று ஒன்று இல்லை என்பது தெரிந்ததுதான். நான் சுரப்பெயரைக் கொண்டுவருவது ஞாபகத்துக்காக. அப்புறம் வரப்போகிற ஃபிளாட்9 விஷயத்துக்கும் இது ரொம்ப உதவும்.

பெயரில் ஏமாறக்கூடாது

எழுதும் முறையில் சின்ன வித்தியாசம், சத்தத்தில் பெரிய வித்தியாசம். ஜி9 என்று வெறுமனே எழுதியிருந்தால் உள்ளே ஏழாவதும் உண்டு, எஃப் கட்டாயம் வேண்டும். ஜி ஆட்9 என்று எழுதியிருந்தால் ஜி, பி, டி, ஏ மட்டும், எஃப் கிடையாது, அதில் இழுப்பும் கிடையாது. ஜி மேஜர்9 என்றால் எஃப்-க்குப் பதில் எஃப் ஷார்ப், அது டாமினன்ட்டே இல்லை, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதேபோல ஜி6-இலும் இ உண்டு, ஜி13-இலும் இ உண்டு, வித்தியாசம் எஃப் இருக்கிறதா இல்லையா என்பதில்தான். குழப்பம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் எஃப் இருக்கிறதா?

ஏழையும் அமுக்காதீர்கள்

படிக்கிற பையன்கள் எல்லோரும் செய்வது இதுதான். ஜி13-இல் ஏழு சுரம் என்று தெரிந்தவுடன் இரண்டு கையாலும் ஏழையும் போட்டு அமுக்குவார்கள். கேட்டால் கார்ட் மாதிரியே இருக்காது, எல்லா வெள்ளைக் கட்டையிலும் முழங்கையை வைத்த மாதிரி இருக்கும். "தப்பா அடிச்சிட்டேனாண்ணே?" என்பார்கள். தப்பில்லை, கூட்டம் அதிகம்.

முதலில் எடுத்துவிட வேண்டியது சி, அந்தப் பதினொன்று. உள்ளே பி இருக்கிறது, அதற்கு ஒரு ஸ்தாயிக்கு மேலே, ஒட்டிய கட்டையான சி. இரண்டையும் மட்டும் அடித்துப் பாருங்கள், உரசும். அது மட்டுமில்லை, நாம் போய்ச் சேர வேண்டிய ஊரே சி. போகும் வழியிலேயே அது கேட்டுவிட்டால் போய்ச் சேர்ந்த நிம்மதி வராது. அதனால் ஜி13 என்று எழுதியிருந்தாலும் வாசிக்கிறவர்கள் சி-யை விட்டுவிடுவதுதான் வழக்கம்.

அடுத்து டி, ஐந்தாவது சுரம். ஜி-யை அடித்தாலே அதன் மேல்சுரங்களில் டி மெல்லியதாக ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது, மூன்றாவது ஹார்மோனிக் அதுதான். எடுத்தால் யாருக்கும் குறை தெரியாது. கூட பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் இருந்தால் ஜி-யையும் அவரிடம் விட்டுவிடலாம். மிச்சம் பி, எஃப், ஏ, இ. மூன்று, ஏழு, ஒன்பது, பதிமூன்று. நான்கே சுரம், முழு ஜி13 கேட்கும்.

விரல் எங்கே வைப்பது

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். வலது கையை நடு சி-க்குக் கீழே இருக்கிற எஃப்-இல் தொடங்கி வையுங்கள்: கட்டைவிரல் எஃப், ஆள்காட்டி ஏ, நடுவிரல் சி, சுண்டுவிரல் இ. இடது கை கீழே டி. இது டி மைனர்9. நாலு எண்ணிக்கை பிடித்திருங்கள்.

இப்போது நடுவிரலை மட்டும் சி-யிலிருந்து ஒட்டியிருக்கிற பி-க்கு இறக்குங்கள். வேறு எந்த விரலும் அசையக்கூடாது. இடது கை மட்டும் டி-யிலிருந்து ஜி-க்கு. எஃப், ஏ, பி, இ, கீழே ஜி. இதுதான் ஜி13. ஒரே ஒரு விரல் ஒரே ஒரு கட்டை நகர்ந்தது, இவ்வளவு பெரிய பெயருள்ள கார்ட் வந்துவிட்டது.

நாலு எண்ணியதும் பி-யை அப்படியே பிடித்துக்கொண்டு மற்ற மூன்று விரலையும் ஒரு வெள்ளைக் கட்டை கீழே இறக்குங்கள். எஃப் இ ஆகும், ஏ ஜி ஆகும், இ டி ஆகும். இடது கையில் சி. இ, ஜி, பி, டி: சி மேஜர்9. வந்து சேர்ந்துவிட்டோம்.

இதை ரொம்ப மெதுவாக வாசியுங்கள். போன வருஷம் ஒரு பையன், கயிறு இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனவன், இந்த மூன்று கார்டையும் முதல்முறை சரியாக வாசித்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டு நடுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சி-க்குப் போய் பி-க்கு வந்தான். மறுபடியும். அரை மணி நேரம் வேறெதுவும் வாசிக்கவில்லை, நானும் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த நெருக்கமான கட்டைகளை இடது கைப் பக்கம், ரொம்பக் கீழே கொண்டுபோய் வாசித்தால் சத்தம் கலங்கலாகிவிடும். கீழே ரூட் ஒன்று மட்டும் தனியாக இருக்கட்டும், நிறம் கொடுக்கிற சுரங்கள் மேலே இருக்கட்டும்.

கிட்டார்காரர்களுக்கு: ஜி13-க்கு ஆறாவது கம்பியில் 3-ஆம் ஃபிரெட், ஐந்தாவது கம்பியைத் தொட்டு அடக்கிவிடுங்கள், நான்காவதில் 3, மூன்றாவதில் 4, இரண்டாவதிலும் முதலிலும் 5. கீழிருந்து ஜி, எஃப், பி, இ, ஏ. சி9 இன்னும் சுலபம்: ஐந்தாவது கம்பியில் 3, நான்காவதில் 2, மிச்சம் மூன்று கம்பியிலும் 3, ஆறாவது கம்பி ஒலிக்கக்கூடாது. அது எஃப் கார்டுக்குப் போகத் துடிக்கும். நம் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பியில் இந்த மேல் சுரங்கள்தான் முதலில் மங்கிப்போகும், அதனால் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள்.

பதினொன்றை எங்கே வைப்பது

சி-யை எடுத்துவிடு என்றேன், அப்படியானால் ஜி11 எதற்கு? பி-யை எடுத்துவிட்டு சி-யை வைத்துக்கொண்டால் அது வேறு ஒரு அழகு. இடது கையில் ஜி, வலது கையில் சாதாரண எஃப் மேஜர், அதாவது எஃப், ஏ, சி. இவ்வளவுதான். சார்ட்டில் இதை ஜி11 என்றும், ஜி9 சஸ்4 என்றும், எஃப் பை ஜி என்றும் விதவிதமாக எழுதுவார்கள், கை ஒன்றுதான். டிரைடோன் உள்ளே இல்லாததால் இழுப்பு இருக்காது, காற்று விழுந்த கடல் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். இரண்டு எண்ணிக்கை இதை வைத்துவிட்டு அடுத்த இரண்டு எண்ணிக்கைக்கு ஜி13, அப்புறம் சி. சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் வாசித்துப் பாருங்கள்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். ஒரு திருவிழா ஜெபத்தில் பாட்டின் கடைசி வரியில் பாடுகிற பெண் மேல் ச-வை நீளமாகப் பிடித்தாள், நான் அதே இடத்தில் ஜி13-ஐ பி-யோடு சேர்த்து அழுத்தினேன். அவள் காதுக்கு என் பி பலமாகக் கேட்டிருக்க வேண்டும், சுருதி அரை இறங்கி நி-க்குப் போய்விட்டது. பாட்டு முடிந்ததும் அவள் முகம் வாடிப் போயிருந்தது, தப்பு அவளுடையது என்று எல்லோரும் நினைத்தார்கள், நான் போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து டாமினன்ட் வருகிற இடத்தில் பாடுகிறவர் எந்தச் சுரத்தில் நிற்கிறார் என்று பார்க்காமல் நான் கை வைப்பதில்லை. அவர் ச-வில் நின்றால் மேலே சொன்ன சஸ், அதாவது பி இல்லாத ஜி11. ரி-யில், நி-யில் நின்றால் 9-உம் 13-உம் தைரியமாக வைக்கலாம். த-வில் நின்றால் அவர் பாடுவதே ஒன்பது, க-வில் நின்றால் அவர் பாடுவதே பதிமூன்று, நீங்கள் வெறும் ஜி7 வாசித்தாலே போதும்.

மைனரில் த மாறும்

இ7 ஃபிளாட்9 மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஒன்பதை ஒரு கட்டை கீழே இறக்கு என்று அர்த்தம். ஜி7 ஃபிளாட்9 என்றால் ஜி, பி, டி, எஃப், ஏ ஃபிளாட். ஜி9-க்கும் இதற்கும் ஒரு கட்டைதான் வித்தியாசம், ஆனால் வெளிச்சமே மாறிவிடும்.

சுரமாகச் சொன்னால் சட்டென்று பிடிபடும். சங்கராபரணத்தில் ப, நி, ரி, ம, த அடுக்கினால் ஜி9. 21-ஆவது மேளமான கீரவாணியில் அதே ப, நி, ரி, ம, த அடுக்கினால் ஜி7 ஃபிளாட்9. ப, நி, ரி, ம நான்கும் இரண்டு ராகத்திலும் ஒன்றே. த மட்டும் சதுஸ்ருதியிலிருந்து சுத்த தைவதத்துக்கு இறங்குகிறது. அதற்கும் மேலே க வரைக்கும் போனால் கீரவாணியில் சாதாரண காந்தாரம், அதுதான் ஃபிளாட்13. ஆக பாட்டு சி மைனரில் இருந்தால் ஃபிளாட்9, ஃபிளாட்13. சி மேஜரில் இருந்தால் 9, 13. ஆரம்பத்தில் இந்தக் கணக்கை நம்பிப் போகலாம். மேஜர் பாட்டிலும் வேண்டுமென்றே ஃபிளாட்9 வைப்பவர்கள் உண்டு, ஆனால் அது கை பழகிய பிறகு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜி7 ஃபிளாட்9-இல் ஜி-யை எடுத்துவிட்டால் பி, டி, எஃப், ஏ ஃபிளாட் மிஞ்சும். உங்களுக்கு முன்பே தெரிந்த பி டிமினிஷ்ட் செவன்த் அது. டிமினிஷ்ட் கார்ட் ஏன் அப்படி வேகமாக அடுத்த கார்டுக்கு ஓடுகிறது என்று பலர் கேட்பார்கள், ரூட் இல்லாத டாமினன்ட்தான் அதற்குள் இருக்கிறது.

சுருதி மாற்றி வாசிப்பது

டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல் ஒரு சுருதியாவது பழகுங்கள். பாடகர் இரண்டு கட்டை என்றால் டி. பஞ்சமம் ஏ. ஏ9-க்கு ஒன்பது பி, ஏ13-க்குப் பதிமூன்று எஃப் ஷார்ப். நாம் பார்த்த அதே மூன்று கார்டும் இப்படி வரும்: இடது கையில் இ, வலது கையில் ஜி, பி, டி, எஃப் ஷார்ப், நடுவிரல் மட்டும் சி ஷார்புக்கு இறங்க, இடது கை ஏ, கடைசியில் எஃப் ஷார்ப், ஏ, சி ஷார்ப், இ, கீழே டி. அசைகிற விரல் அதேதான். இரண்டு சுருதியில் வந்துவிட்டால் மற்றவை கொஞ்ச நாளில் வரும்.

ஒரு வார்த்தை: எல்லாப் பாட்டுக்கும் 13 வேண்டாம். நூறு பேர் சேர்ந்து பாடுகிற எளிய பக்திப் பாட்டுக்கு ஜி7 தான் சரி, அங்கே நிறம் கூட்டினால் பாடுகிறவர்களுக்குப் பிடி கிடைக்காது. மெதுவான மெலடி, இரண்டு பேர் பாடுவது, இடையிசை, இந்த இடங்களில் வையுங்கள்.

கடைசியாக, சங்கிலி

டாமினன்ட்டை இன்னொரு டாமினன்ட்டுக்கு அவிழ்ப்பது உண்டு. இ, ஏ-க்குப் போக, ஏ டி-க்குப் போக, டி ஜி-க்குப் போக, ஜி கடைசியில் சி-யில் போய் நிற்கும். நாம் இதுவரை பார்த்த 9, 11, 13 கார்ட்களை எக்ஸ்டெண்டட் டாமினன்ட் என்பதுண்டு, ஆனால் சில பாடத்திட்டங்களில் அந்தப் பெயரை இந்தச் சங்கிலிக்குத்தான் சொல்வார்கள். அதனால் எங்காவது அந்தப் பெயரைப் படித்தால் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே பயிற்சியாக வாசிக்கலாம், மூன்று விரல் போதும்.

இடது கையில் இ. வலது கையில் நடு சி-யை ஒட்டிய டி, அதற்கு மேல் ஜி ஷார்ப், சி ஷார்ப். இது இ13. இடது கை ஏ-க்குப் போகும்போது வலது கை சி ஷார்ப், ஜி, பி: ஏ9. இடது கை டி, வலது கை சி, எஃப் ஷார்ப், பி: டி13. இடது கை ஜி, வலது கை பி, எஃப், ஏ: ஜி9. இடது கை சி, வலது கை பி, இ, ஜி.

13, 9, 13, 9 என்று மாறி மாறி வருவதைப் பாருங்கள், அப்படி வைத்தால்தான் கை தாவாமல் இறங்கும். முதலில் ஒரு கார்டுக்கு நாலு எண்ணிக்கை, வந்துவிட்டால் இரண்டு. நடுவிரல் ஜி ஷார்பில் தொடங்கி ஜி, எஃப் ஷார்ப், எஃப், இ என்று ஒரு கட்டைகூட விடாமல் இறங்கும். கட்டைவிரல் டி-யில் தொடங்கி பி-யில் நிற்கும். ஐந்து கார்ட் கடந்து வந்திருக்கிறீர்கள், கட்டைவிரல் நகர்ந்தது மூன்றே கட்டை.